கப்பல்காரன் கொண்டுவந்த மூடிகள்

கூடத்தின் நடுவே ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் பஞ்சு, கரண்டி, ஒரு மரத்துண்டு. எது மிதக்கும், எது மூழ்கும் என்று பார்ப்பதற்காம்.

சுவரோரமாக முட்டை அட்டைகள். கப்பல் சமையல்காரன் மண்டியிட்டு, அட்டைக் குழிகளுக்கு வண்ணம் தடவிக்கொண்டிருந்தான். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள்.

இத்தனை காலம் கழித்து வீடு வந்தவன் தூங்க வேண்டாமா? நாலு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தலைகாட்ட வேண்டாமா? வந்ததிலிருந்து இதே வேலை. எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடும் சாக்கில் எட்டிப் பார்த்துப் பார்த்து, காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டாள்.

கேட்காமல் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் பழைய சாமான் கடை ஏதும் வைக்கப் போறாரா?"

"மகளுக்குப் பாடம் நடத்தப் போறாராம்க்கா." மனைவி முகத்தை நேராக வைத்துக்கொண்டுதான் சொன்னாள். மூக்குதான் துடித்துக் காட்டிக்கொடுத்தது.

அவன் காதிலும் விழுந்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவன் கவலை அவனுக்கு.

வந்த அன்று மகள் கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். விருந்தாளியை அழைக்கிற மாதிரி, அழகாக. அதற்குப் பிறகு அவனை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம், "அவங்களுக்குத் தண்ணி வைக்கலையா?" என்று கேட்டாள்.

அந்த 'அவங்களுக்கு' மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

ஏதோ ஒரு துறைமுகத்தில் சிக்னல் கிடைத்தபோது ஒரு வீடியோவை இறக்கி வைத்திருந்தான். வீட்டில் இருப்பதை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு டீச்சர் பேசுவார். வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்தான். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். அவசரப்படுத்தாதீர்கள். தப்பாக வைத்தால் அதட்டாதீர்கள். மற்றவர்கள் பாட்டு முணுமுணுப்பார்கள், இவன் இதை முணுமுணுத்தான்.

எண்ணெய் மூடி, பால் மூடி, ஊறுகாய் மூடி என்று ஒன்றையும் எறியவிடாமல் கழுவிச் சேர்த்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, கடத்தல் சரக்கைத் தோண்டுகிறவர்போலத் தோண்டினார். தோண்டத் தோண்ட மூடி. கடைசியில் அவனை ஒரு பார்வை பார்த்து, "போப்பா" என்று அனுப்பிவிட்டார்.

கதவு தட்டப்பட்டது.

மகள் உள்ளே வந்தாள். சீருடை. முதுகில் புத்தகப் பை. முன்பல் இரண்டைக் காணோம். தானே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, தானே அலமாரியில் வைத்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், வண்ணம் ஒட்டியிருந்த அவன் விரல்களைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவள் பிறந்தநாளை அவன் மறந்தவன் இல்லை. வருடா வருடம் வாழ்த்து அனுப்பியவன்தான். ஆனால் கப்பலுக்குப் போனபோது மூன்று வயதில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற பிள்ளைக்கு, அவன் மனசுக்குள் அதற்கப்புறம் வயதே ஏறவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத அந்தப் பிள்ளைக்குத்தான் இவ்வளவும்.

"இது... சும்மா. தரையைத் துடைக்கலாம்னு..." வாளியைத் தூக்கப் போனான். எதிர்வீட்டு ஜன்னல் வேறு திறந்தே இருந்தது.

மகள் பையைக் கழற்றி வைத்துவிட்டு, அட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணணும்?"

அவன் குனிந்து உட்கார்ந்தான். அவசரப்படாமல் சொன்னான். சிவப்பு மூடி சிவப்புக் குழிக்கு, நீலம் நீலத்துக்கு.

அவள் ஒரு சிவப்பு மூடியை எடுத்தாள். வெகுநேரம் யோசித்தாள். நீலக் குழியில் வைத்தாள்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சிவப்பும் நீலமும் தெரியாமலா இருக்கும்? அந்தக் கேள்வியைக் கிட்டவே அவன் நெருங்கவிடவில்லை. அவள் விரலைப் பிடித்து மூடியை நகர்த்தி வைத்தான். அவள் அடுத்ததையும் தப்பாக வைத்தாள்.

நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"என்னடி இது, சிவப்புகூடத் தெரியாதவ மாதிரி?" மனைவியின் குரல்.

"ஷ்ஷ்... மெதுவாம்மா. வேணும்னேதான் தப்பா வைக்கிறேன். சரியா வச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்ல. அப்புறம் எந்திரிச்சிப் போயிடுவாங்க."

ரகசியம் பேச இன்னும் பழகாத குரல். கூடம்வரை தெளிவாகக் கேட்டது.

அவன் பக்கத்தில் கிடந்த கரண்டியை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டி அடியில் கிடந்தது.

அவள் திரும்பி வந்தாள். இந்த முறை இன்னும் பக்கத்தில், அவன் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். ஊறுகாய் பாட்டிலின் சிவப்பு மூடியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது நீலந்தானேப்பா?"

அவன் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இல்லடா கண்ணு, இது சிவப்பு," என்றான், மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்வதுபோல.