மூன்று நாள் தூக்கம்

குறட்டைச் சத்தம்தான் முதலில் கேட்டது. மெல்ல ஏறி, விசிலாக இறங்கி, கொஞ்சம் யோசித்து, மறுபடி ஏறியது.

ஸ்மரான்டா வாசிப்பறைக் கதவைத் தள்ளினாள். மணி பதினொன்று. பேகா ஆற்றிலிருந்து எழுந்த பனி இன்னும் ஜன்னல்களை விட்டு விலகவில்லை. பல்கலைக்கழக நூலகமே பாதித் தூக்கத்தில் மிதப்பது மாதிரி இருந்தது.

ஏழாம் மேசைக்காரர் மட்டும் முழுத் தூக்கம். ஐம்பது வயதிருக்கும். சட்டைக் கையில் மாவு. கன்னத்துக்கு அடியில் ஒரு தடித்த பழைய தொகுதி.

குனிந்து புத்தகத்தின் முதுகட்டையைப் பார்த்தாள். 1911.

அவள் தேடி வந்ததே அதுதான்.

நேராக நூலகரிடம் போனாள்.

"மேடம், அந்த ஆள் தலைக்கு வச்சிருக்கிறது என் புத்தகம்."

"உங்களோடதா? நூலகத்தோடதுன்னு இல்ல நினைச்சேன்." ஹெர்மினா பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை. வாசிப்பறைக்குள் பேனா கூடாது. தினமும் முப்பது பென்சில் சீவ வேண்டும்.

"கிண்டல் பண்ணாதீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ப்பக்கம் எத்தனை நாள் மூடுபனி இருந்துச்சுங்கறதுதான் என் ஆய்வு. இன்டர்நெட்ல 1961-க்கு முன்னாடி ஒரு வரி கிடையாது. போன வாரம் முழுக்க உங்க புத்தகப் பட்டியல் அட்டை டிராயரைத் துழாவித்தான் அந்த வானிலைச் சங்கத்து ஆண்டு மலரையே கண்டுபிடிச்சேன். எட்டு, ஒன்பது, பத்து பாத்தாச்சு. பதினொண்ணு அவர் கன்னத்துல ஒட்டிக்கிட்டிருக்கு."

"சீட்டு எழுதி வாங்கியிருக்காரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அவர் மேசைதான்."

"வெள்ளிக்கிழமை காலையில நான் பேராசிரியர்கிட்ட கணக்கைக் காட்டணும். இல்லைன்னா அந்த அத்தியாயத்தையே தூக்கிடச் சொல்லிட்டார். ரெண்டு வருஷ உழைப்பு."

"இலாரியே அண்ணன்கிட்டயே கேட்டுப் பாருங்க. கடிக்க மாட்டாரு."

ஸ்மரான்டா ஏழாம் மேசையை விரலால் தட்டினாள்.

"ரொட்டி ரெடி," என்றுவிட்டுத்தான் அவர் கண்ணைத் திறந்தார்.

"அண்ணே, இந்தப் புத்தகம் எனக்கு வேணும். ஒரு மணி நேரம் போதும்."

"மூணு நாள் உக்காந்து படிப்பீங்களா?"

"எதுக்கு மூணு நாள்? ஒரு பக்கம்தான் வேணும்."

"அப்ப தர முடியாதும்மா."

"நீங்க அப்படி என்ன ஆராய்ச்சி பண்றீங்க?"

"நானா? ரொட்டி ஆலையில ராத்திரி வேலை பாக்கறேன்."

"இது ஜெர்மன் புத்தகம். ஜெர்மன் தெரியுமா?"

"ஒரு வார்த்தை தெரியாது." கூச்சமே இல்லாமல் சொன்னார். "மேகப் படம் போட்டிருக்கான். நல்லாயிருக்கு."

கன்னம் மறுபடி 1911-க்குள் இறங்கியது. விசில் தொடங்கியது.

ஸ்மரான்டா திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அவர் வாசகர் அட்டையை ரத்து பண்ணுங்க. இது நூலகமா, சத்திரமா? புகார் எழுதித் தரேன்."

ஹெர்மினா கத்தியை வைத்தார். சீவிய பென்சில் ஒன்றை நீட்டினார்.

"தாராளமா எழுதுங்க. அதுக்கு முன்னாடி இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க. உங்க ஆண்டு மலர்கள்லாம் இதுல இருக்கு."

மேசை டிராயரிலிருந்து வந்த பட்டியல். தலைப்பில் கொட்டை எழுத்து: 'பதினைந்து வருடமாக யாரும் கேட்காதவை. டிசம்பர் இறுதியில் கூழாக்கக் காகித ஆலைக்கு.'

எழுபது தொகுதிகள். முதல் நாற்பதும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது: வானிலைச் சங்க ஆண்டு மலர் 1908, 1909, 1910. திங்களும் செவ்வாயும் அவள் பக்கம் பக்கமாகப் புரட்டியவை.

நாற்பத்தொன்றில் இன்னும் கோடு விழவில்லை.

"யார் அடிச்சது?"

"நான்தான். ஒரு தொகுதி மூணு நாள், நூலகம் திறந்திருக்கற நேரம் முழுக்க வாசகர் மேசையில இருந்தா, 'வாசிக்கப்பட்டது'ன்னு முத்திரை குத்தி பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம். நடுவுல ஆள் எழுந்து போயிட்டா கணக்குல சேராது." ஹெர்மினா ஏழாம் மேசைப் பக்கம் பார்த்தார். "தூங்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல."

"அவருக்கு எதுக்கு இந்த வேலை?"

"மூணு வருஷம் முன்னாடி வந்தாரு. பழைய ரயில்வே ஊழியர் பதிவேடு ஒண்ணு கேட்டாரு. அவர் அப்பா பேரு அச்சுல வந்தது அது ஒண்ணுலதானாம். அதுக்கு முந்தின குளிர்காலத்துலதான் அதைக் காகித ஆலைக்கு அனுப்பியிருந்தோம்."

மேசையில் கிடந்த சீவல்களைக் கையால் ஒதுக்கினார்.

"அந்தப் பட்டியல் போட்டது நான்."

ஸ்மரான்டா ஏழாம் மேசைக்குப் போனாள். அவருக்கு எதிர் நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்தாள். தன் கழுத்துத் துணியை மடித்து அவர் கன்னத்துக்கு அடியில் நுழைத்து, மேசையை விட்டுத் தூக்காமல், தொகுதியை அங்குலம் அங்குலமாகத் தன் பக்கம் நகர்த்தினாள். குறட்டை ஒரு நொடி நின்று, பிறகு சம்மதித்தது.

நவம்பர் 1911. மூடுபனி, இருபத்து மூன்று நாட்கள்.

எழுதிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள். இருபத்து நான்காவது நாள் மாதிரி பனி வெளியே நின்றிருந்தது.

திரும்பி வந்து, புகாருக்கென்று வாங்கிய பென்சிலால் ஒரு சீட்டை நிரப்பி நீட்டினாள்.

ஹெர்மினா வாங்கிப் படித்தார். பட்டியலில் நாற்பத்திரண்டாவது. குதிரை லாடம் அடிப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை.

"இது ஹங்கேரிய மொழியாச்சே. தெரியுமா?"

"ஒரு வார்த்தை தெரியாது."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு."

ஹெர்மினா சீட்டில் முத்திரை குத்தினார். பிறகு கத்தியை எடுத்து, அடுத்த பென்சிலைச் சீவத் தொடங்கினார்.