மாமனாரின் அபிப்பிராயம்

ஜன்னலுக்கு வெளியே மலையும் மழையும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கின்றன. அடுப்படி மேஜையில் இரண்டு கிண்ணங்களில் ஆட்டுக்கறிச் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது நாற்காலியில், செத்துப்போன கெரைன்ட்டின் மழைக்கோட்டு இன்னும் தொங்குகிறது. அவன் மனைவி மோரீன் இங்கிலீஷ் பேசும் பர்மிங்ஹாம்காரி. தேவாலயப் பின்னறையில் நடக்கும், இந்த ஊர் மொழியான வெல்ஷ் வகுப்பில் இந்த வாரம்தான் அபிப்பிராயம் கேட்கக் கற்றிருக்கிறாள். கரண்டியை வைத்துவிட்டு, மாமனார் எம்லினிடம் ஒவ்வொரு சொல்லாக வெல்ஷில் கேட்கிறாள்: "ஆடுங்களை வித்துடலாமா, மாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?" கிழவரின் கை ரொட்டிமேல் அப்படியே நிற்கிறது. பிறகு, வழி தப்பி வந்த சுற்றுலாக்காரிக்குப் பாதை சொல்கிற அதே பணிவோடு இங்கிலீஷில் சொல்கிறார்: "உன் இஷ்டம்மா. நீ எது செஞ்சாலும் சரிதான்." புதிதாகப் பேசுகிறவளைச் சிரமப்படுத்தக் கூடாதென்று இங்கிலீஷுக்கு மாறிவிடும் இந்த ஊர் மரியாதை ஆளைக் கொல்லும். சூப்பின் மேல் கொழுப்பு ஆடை கட்டுகிறது. மேஜைக்கடியில் நாய் வாலால் தரையைத் தட்டுகிறது. எம்லின் குனிந்து அதன் காதைத் தடவியபடி வெல்ஷில் மெல்லக் கேட்கிறார்: "நீ என்னடா நினைக்கிற, மோட்? நாளைக்கு இவளும் போயிடுவா. அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குடா ஆடு?" வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, மோரீனுக்கு ஒரு சொல் விடாமல் புரிகிறது.