ஒன்ஸ்மோர்

மில் கேட் இருந்த இடத்தில்தான் இப்போது அந்த அரங்கம். அங்கே முன்பு மில் தொழிலாளர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டை வெளியூர்க் குழு ஒன்று இசை நாடகமாக்கி, ஊர் ஊராகப் போட்டுவிட்டுக் கடைசியில் நடந்த ஊருக்கே கொண்டுவந்திருந்தது. ரஞ்சிதம் தனியாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அன்று செத்துப்போன கந்தவேலுவின் மனைவி அவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நாடகத்தில் அவள் இல்லவே இல்லை. அதில் கந்தவேலு கல்யாணமாகாதவன். குண்டு பாய்ந்த பிறகும் ஆர்மோனியத்தோடு ஒரு முழுப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் சாய்ந்தான். நிஜத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று தூக்கிவந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"அழுகாதீங்கம்மா, நாடகந்தானுங்களே," என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

கூட்டம் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தியது. செத்துக் கிடந்த நடிகன் எழுந்து, வேட்டியின் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக்கொண்டு, முதலிலிருந்து பாடி மறுபடியும் செத்தான். ரஞ்சிதம் கூட்டத்தைப் பார்த்தாள். என்ன சனங்கள் இவர்கள், ஒரு மனுசனை எத்தனை தடவைதான் சாகடிப்பார்கள்? ஆனால் அந்தத் தட்டல், கந்தவேலு பாயைவிட்டு எழுந்ததும் தட்டுவானே, அதேதான். நாடகம் முழுக்க அது ஒன்றுதான் அவனைப் போல இருந்தது.

கைதட்டல் ஓய்ந்தது. திரை இறங்கத் தொடங்கியது. அவன் அசையாமல் கிடந்தான். அப்போது பின்வரிசையிலிருந்து ஒற்றைக் குரல் "ஒன்ஸ்மோர்!" என்றது. பக்கத்துப் பெண் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான், தான் எழுந்து நிற்பது ரஞ்சிதத்துக்குத் தெரிந்தது.

திரை பாதியில் நின்றது.