ஆவர்காம்ப் மூக்கு

"அதே மூக்கு! எங்கப்பாவுக்கு இருக்கிற அதே மூக்கு!" என்று ஆல்வினின் கன்னங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கத்தினார் வெர்னன் ஆவர்காம்ப்.

ஒஹையோவிலிருந்து வந்து வெஸ்ட்ஃபாலியாவின் ஆவர்காம்ப் பண்ணையில் இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூக்கு, காது, வழுக்கை என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்துவிட்டார். பண்ணைக்கார ஆல்வின், பாவம், ஊசி போட வந்த டாக்டரிடம் மாட்டிக்கொண்ட மாடு மாதிரி நின்றார்.

எங்கள் வெஸ்ட்ஃபாலியா ஆட்களுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதே பெரிய பாடு. கேட்காததைச் சொல்கிற வழக்கம் கிடையவே கிடையாது.

"அண்ணே, எங்க கொள்ளுத்தாத்தா இந்த வீட்டுப் பிள்ளை. பண்ணை மூத்தவருக்குப் போச்சு, இளையவரு இவரு கப்பல் ஏறிட்டாரு" என்றார் வெர்னன். "ஆனா என் மச்சானுங்க ஒரே கிண்டல். 'உங்க கொள்ளுத்தாத்தா அங்க மாடு மேய்ச்ச ஆளு, முதலாளி பேரைத் திருடிட்டு ஓடி வந்துட்டாரு'ன்னு. அப்பாவுக்குத் தொண்ணூறு வயசு. கண்ணை மூடறதுக்குள்ள உண்மை தெரியணும்னு துடிக்கிறாரு."

அப்பாவுக்காகப் பண்ணை வாசல் ஓக் மரத்தடியில் ஒரு பை நிறைய மண்ணும் அள்ளி வைத்திருந்தார். பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

ஆல்வினின் மனைவி மெக்டில்ட் காப்பியும் பிளம் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். வெர்னன் அப்பாவின் படத்தை எடுத்து நீட்டினார். மெக்டில்ட் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் மூக்கைத் தடவிக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

வெர்னனுக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்? அவர் கண் வாசல் உத்தரத்தில் செதுக்கியிருந்த பெயரின் மேல் இருந்தது.

"உங்க பேரை அங்க பார்க்கிறப்பெல்லாம் பெருமையா இருக்கும் இல்லண்ணே?"

"பேரு பண்ணையோடதுங்க. என்னோடது இல்ல" என்றார் ஆல்வின்.

"அடடா, என்ன அடக்கம்! எங்கப்பாவும் இப்படியேதான் பேசுவாரு. ரத்தம் பேசுது அண்ணே, ரத்தம்!" வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க தபால்ல அனுப்பின எச்சில் இருக்கே, அதோட டி.என்.ஏ. ரிசல்ட் இன்னிக்கு வந்துடும்."

கேக் வெட்டிக்கொண்டிருந்த மெக்டில்டின் கை நின்றது. "எச்சிலா? இவரு எச்சிலா?"

"ஆமா அண்ணி. குழாய்ல துப்பி அனுப்பச் சொன்னேன். ரெண்டு பேரும் ரத்த சொந்தமான்னு காட்டிக் குடுத்துடும்."

"அய்யய்ய, அதுக்கு எதுக்கு இவரைப் போய்..."

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. கல்யாணமாகி வந்தவங்களுக்கு இந்த வீட்டு ரத்தத்தோட அருமை புரியாது."

"ஓஹோ!" என்றார் மெக்டில்ட். பிறகு கணவரிடம் திரும்பினார். "ஏங்க, துப்பினீங்களா?"

"துப்பச் சொல்லி எழுதியிருந்துச்சு. துப்பினேன்."

மெக்டில்டுக்கு வந்த சிரிப்பு உதட்டோடு நின்றது. மேற்கொண்டு எதுவும் பேசாமல் வெர்னனின் கேக் மேல் இன்னொரு கரண்டி க்ரீமை வைத்துவிட்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெர்னனின் போன் சிணுங்கியது. ஆவலோடு படித்தவரின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று.

"ஒட்டலை" என்றார். "துளிகூட ஒட்டலை. நமக்குள்ள எந்தச் சொந்தமும் இல்லையாம்."

வெர்னன் மெல்ல எழுந்தார்.

"மச்சானுங்க சொன்னதுதான் நெசம் போல. திருட்டுப் பேரு. இதை அப்பாகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

பையை எடுத்துக்கொண்டு ஓக் மரத்தடிக்குப் போனார். அள்ளிய மண்ணை அள்ளிய இடத்திலேயே கொட்டினார். பின்னாலேயே வந்த ஆல்வினிடம், "மன்னிச்சுக்குங்க அண்ணே. சொந்தம்னு நெனைச்சு உங்களை ரொம்பப் படுத்திட்டேன்" என்றார்.

அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மெக்டில்டுக்கு மனசு பொறுக்கவில்லை. க்ரீம் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"இப்பவாவது வாயைத் தொறங்க! நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி உங்க பேரு என்ன?"

"ரூட்டர்" என்றார் ஆல்வின்.

வெர்னன் திருதிருவென்று விழித்தார். "ரூட்டரா? அப்போ ஆவர்காம்ப்?"

"பண்ணைக்கு மாப்பிள்ளையா வந்தா பண்ணைப் பேரை வெச்சுக்கணும். இங்க அதுதான் வழக்கம்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே."

மெக்டில்ட் குனிந்து, கொட்டிக் கிடந்த மண்ணை இரண்டு கைகளாலும் அள்ளித் திரும்பவும் பையில் போட்டார். பையை வெர்னனின் மார்போடு அழுத்திவிட்டு, படத்தில் இருந்த கிழவரைப் போலவே முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக் காட்டினார். நீண்டு, நுனியில் இடப்பக்கம் சாய்ந்த அதே மூக்கு.

"அண்ணி..." என்றார் வெர்னன், நாக்குழற.

"அண்ணி என்னடா அண்ணி? அக்கான்னு கூப்பிடு!"