ரொட்டி பாஸ் வீட்டில் சோள ரொட்டி

மூன்றாவது ரொட்டியும் கல்லிலேயே பிளந்துகொண்டது.

"தண்ணி பத்தல. இன்னும் கொஞ்சம் தெளிச்சுப் பெச" என்றார் என் மனுஷன், கடையிலிருந்து வந்து வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி.

வந்ததே எனக்குக் கோபம். "எல்லாம் எங்களுக்குத் தெரியும். நீங்க அங்கேயே இருங்க!"

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பதுளை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் என் மனுஷன் தயாபரன்தான் ரொட்டி பாஸ், ரொட்டி போடுவதில் கைதேர்ந்தவர். அவர் மாவை வீசி விரிப்பதைப் பார்ப்பதற்கென்றே பசறையிலிருந்து வருகிற ஆட்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு வாக்கப்பட்டவள், வட்டமாக ஒரு ரொட்டி தட்டப் பழகவில்லை.

எங்கள் பிரஷாந்தினிக்கு ஆறு வயது. கோதுமை மா ஒரு துகள் உள்ளே போனாலும் அவள் குடலுக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஐந்து மாதமாகிறது. தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு ரொட்டிதானே எல்லாம். பார்த்துப் பார்த்து அதையா பிடுங்க வேண்டும், அந்தக் கடவுள்?

மொனராகலையில் இருக்கும் அண்ணன் சோளம் கொண்டுவந்து கொடுத்தான். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி நேற்றே அவித்து ஊறப்போட்டேன். இன்றைக்கு ஞாயிறு, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகத் தேவையில்லை. தோல் போகக் கழுவி, அம்மியில் அரைத்தெடுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது. ரொட்டிக்கல்லும் புதுசு. கோதுமை ரொட்டி சுட்ட பழைய கல்லை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு பார்த்தும் போன மாதம் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது நோய் ஒன்றும் குறையவில்லை. எடையும் ஏறவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி யோசித்துவிட்டுக் கேட்டார், வீட்டில் யாராவது மாவில் வேலை செய்கிறீர்களா என்று.

தலைமுடியில் மா, நகத்தில் மா, சட்டை மடிப்பில் மா. அந்தக் கோலத்தோடு வந்துதான் அவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார், சோற்றைப் பிசைந்து ஊட்டுவார்.

அன்றிலிருந்து, பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தாலும் அவர் உள்ளே வருவதில்லை. சாப்பாடும் படுக்கையும் இஸ்தோப்பில்தான். பிள்ளையைத் தொடுவதே இல்லை. நானும் உள்ளே வாங்க என்று ஒரு நாள் கூப்பிடவில்லை. பயம்.

சின்னதுக்கு இதெல்லாம் விளங்குமா? அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். சோற்றையும் குறைத்துவிட்டாள். நெஞ்செலும்பை எண்ணலாம் போலிருக்கிறது.

இந்த மனுஷனும் ஒரு வாரமாகச் சரியில்லை. பேச்சே கிடையாது. சட்டையில் எங்கே பார்த்தாலும் தேத்தண்ணிக் கறை. துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்து, "என்ன, நெஞ்சுலயா ஊத்திக் குடிக்கிறீங்க?" என்று நேற்றுக்கூடத் திட்டினேன்.

நாலாவது உருண்டைக்குத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். அவர் சொன்னதற்காக ஒன்றுமில்லை. ரெண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்து, தட்டால் அமுக்கிக் கல்லில் போட்டேன்.

பிளக்கவில்லை. திருப்பினேன். நடுவில் லேசாக உப்பிக்கூட வந்தது.

"ஐயோ, வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டே பிரஷாந்தினியின் முன்னால் வைத்தேன்.

அவள் ரொட்டியைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"அப்பா பிச்சுக் குடுத்தாத்தான்."

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் அடிக்கவே கையை ஓங்கிவிட்டேன், பாவி.

அவர் எழுந்து உள்ளே வந்தார்.

"வராதீங்க! மாவுல கிடந்த கையோட பிள்ளைகிட்ட வராதீங்க!"

அவர் ரெண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. எங்கேயும் வெள்ளை இல்லை. விரல் நுனியெல்லாம் சாயம் ஏறிப் பழுத்துக் கிடந்தது. மணிக்கட்டில் சுடுதண்ணீர் பட்ட கொப்புளம்.

"தேத்தண்ணி ஊத்துற மேசைக்கு மாறிட்டேன் புள்ள" என்றார். "ஒரு வாரமா பாதி நாள் அங்கதான். மிச்ச நேரம் புது ஆளுக்கு ரொட்டி வேலை காட்டிக் குடுத்தேன். அது நேத்தோட முடிஞ்சுது. இன்னிக்கு நான் மாவத் தொடவே இல்ல."

ரொட்டி பாஸ் தேத்தண்ணி ஊற்றுகிறார். பசறை ஆட்கள் என்ன சொன்னார்களோ. எனக்கு அழுகைதான் வந்தது.

அவர் ரொட்டியைப் பிய்த்து, ஊதி ஊதி ஊட்டினார். அவள் மென்றாள். அடுத்ததையும் கேட்டாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுட்டுச் சுட்டுப் போட்டேன்.

நாலு ரொட்டி ஆனதும் அவர் மாவுச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு நான் தட்டட்டா?"

ஒரு உருண்டையை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் தட்டினார். பழக்கதோஷம், வீசினார். கோதுமை மாதிரிச் சோளம் இழுபடுமா? மேலே போனது நாலு துண்டாகி, ஒன்று அடுப்பிலும் ஒன்று என் தலையிலும் விழுந்தது.

பிரஷாந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு ரொட்டியே போடத் தெரியல!"

"ஆமா கண்ணு" என்றார் அவர், அவளை அள்ளி அந்தக் கறைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு. "அப்பாவுக்குத் தெரியாது."