ஓட்டையில்லாத வாசர்

"இஞ்சாருங்க, ஸகாத் ஆக்கள் முன்வீட்டுக்குள்ள போயிட்டாங்க. இந்த வருஷம் சாமான் மதிக்கிறதுக்கு வெளியூர் ஆளொருத்தரையும் கூட்டிக்கிட்டுத் திரியிறாங்களாம்."

மனைவி பரீனா சொன்னதைக் கேட்டதும் மீராசாவுக்கு நோன்புத் தாகம் இரட்டிப்பாகிவிட்டது.

மீராசா மருதமுனையில் பேர்போன நெல் வியாபாரி. பள்ளிவாசல் வசூலிக்கும் ஏழைவரியான ஸகாத் என்றால் அவருக்கு உயிர். அதாவது, கொடுக்கச் சொன்னால் உயிர் போய்விடும். களஞ்சியத்து நெல் மூட்டைகள் எல்லாம் நேற்றே மச்சான் வீட்டுக்கு விருந்தாடப் போய்விட்டன. எஞ்சியிருந்தது ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு ஒன்றுதான்.

விற்று லாபம் பார்க்கலாமென்று பெரியநீலாவணையில் ஒரு கரைவலை மீனவரிடம் அரை மூட்டை அரிசிக்கு வாங்கியது. தேநீர்க்கடையில் மீராசா சொல்லச் சொல்ல அதன் விலை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை லட்சம் லட்சமாக ஏறி, கடைசியில் ஒல்லாந்து அரண்மனையிலிருந்தே ஆளனுப்பிக் கேட்டதாக வந்து நின்றது.

"அத வித்துத்தானே மகள் ஸம்றாட வீட்டுக்கு மாடி கட்டணும். அவள்ற கலியாணத்துக்கு நாளும் வெச்சாச்சி," என்றாள் பரீனா. "நாப்பதில ஒண்டுதானே, குடுத்துட்டுப் போங்களன். நோன்போட பொய் சொல்லாதீங்க."

"பொய் ஆரு சொல்ற? மதிப்பக் கொஞ்சம் குறைச்சிச் சொல்றதுதான்."

வாசல் கேற் திறந்தது. தொப்பி போட்ட ஒருவர் கைப்பையோடு வந்து ஸலாம் சொன்னார். ஊரில் காணாத முகம், ஆனாலும் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றே தொடங்கினார்.

"காக்கா, உங்கட்ட பழைய செப்புக்காசு ஒண்டு இரிக்காமே. தேத்தண்ணிக் கடையில கதைச்சாங்க. பாக்கலாமா?"

தேநீர்க்கடைக்காரனின் பரம்பரையையே மனதுக்குள் சபித்தபடி மீராசா காசை எடுத்து வந்தார். வந்தவர் பையிலிருந்து நகைக்கடைக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கண்ணில் இடுக்கினார். பள்ளிவாசல் இவ்வளவு முன்னேறிவிட்டதா என்று மீராசாவுக்கு வயிறு எரிந்தது.

"மாஷா அல்லாஹ். அச்சு பிசகி, முத்திரை ரெண்டு தரம் விழுந்திரிக்கி. இது லேசில கிடைக்காது."

"பிசகின காசுதானே தம்பி. அந்தக் காலத்துலயே கடைக்காரன் திருப்பிக் குடுத்திருப்பான்."

"கழுவாம, மினுக்காம, நிறம் கலையாம வெச்சிரிக்கீங்க."

"நிறமில்ல, ஊத்தை."

"இந்தச் சிங்கத்தப் பாருங்க. பிடரி மயிர் கூடத் தெரியுது."

"சிங்கமா? எனக்கு அது சொறிநாயாத்தான் தெரியுது."

வந்தவர் சிரித்தார். "இல்ல காக்கா, இதுக்கு நல்ல விலை இரிக்கி."

மீராசா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, உங்களுக்கிட்ட மறைக்க என்ன இரிக்கி. இது காசே இல்ல. தண்ணிப் பம்புட ஆணியில மாட்டுற வாசர்."

"ஓட்டையில்லாத வாசரா?"

"சைனா சாமான். ஓட்டை போட மறந்துட்டானுகள்."

"காக்கா..."

"நம்பல்லயா? இஞ்ச பாருங்க." காசைப் பிடுங்கி, வாசற்படிச் சிமெந்தில் வைத்து, மீன் செதில் சுரண்டுவதுபோல் இரண்டு பக்கமும் உரசு உரசென்று உரசினார். முதலில் முத்திரை போயிற்று. பிறகு சிங்கம் பிடரியோடு போயிற்று.

வந்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பள்ளிவாசலுக்கு வர இருந்த வரும்படி போய்விட்டதே என்று மனுசன் துடிக்கிறான் என எண்ணி மீராசா பூரித்தார்.

"இப்ப சொல்லுங்க தம்பி, இது என்ன பெறும்?"

"இப்ப ஒண்டும் பெறாது காக்கா."

"ஓம், அதத்தானே நானும் சொன்னன். அப்படியே பள்ளியிலயும் சொல்லிருங்க."

"எந்தப் பள்ளியில?" வந்தவர் கண்ணாடியைப் பையில் போட்டார். "நான் அக்கரைப்பற்றில பழைய காசு வாங்குற பாயிஸ். இதுக்கு மூணு லட்சம் தரலாமெண்டு சல்லியும் கையோட கொண்டு வந்தன்."

ஸம்றாவின் மாடி இடிந்து விழும் சத்தம் மீராசாவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் சுதாரிப்பதற்குள் பாயிஸ் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீராசா தெருவுக்கு ஓடினார். கல்முனை வரை கேட்டிருக்கும் அந்தக் குரல்.

"தம்பி, நில்லுங்க. நான் சொன்னதெல்லாம் பகிடி. அது அசல் காசு. மூணு லட்சம் பெறும். அல்லாஹ்வுக்காகச் சொல்றன், மூணு லட்சம்."

மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. முன்வீட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஸகாத் கமிட்டித் தலைவர் அஷ்ரப், பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரரின் தோளைத் தட்டினார்.

"இந்த வீட்டுல நீங்க மினக்கெடத் தேவயில்ல. அந்தக் காச மூணு லட்சமெண்டே போட்டுக்குவம். நோன்பு வாயால மீராசா காக்கா பொய் சொல்லமாட்டாரு."