முதல் தீர்மானம்

"எல்லை தாண்டக் கூடாதா? என்னய்யா சொல்றீங்க! ராத்திரி எனக்கு டெல்லி ஃப்ளைட்!"

பேராசிரியர் ராஜசேகர் அலறினார். மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பைத் திகிலோடு பார்த்தார். ஐந்து நிமிடம் முன்னால் அதே கையைத் தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டவர்தான்.

"காப்பு கட்டிக்கினா அப்டித்தான் சார்," என்றார் மண்ணூர் அம்மன் கோயில் பூசாரி ஐயனார். "வர்ற ஞாயித்துக்கெழம கூழ் ஊத்தி நானா அவுக்கற வரிக்கும் ஊரு எல்லைய தாண்டக் கூடாது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலியே சார். வரிசையா வந்து கைய நீட்டுனீங்க."

ஆறு கல்லூரிகளிலிருந்து வந்திருந்த ஆறு பேராசிரியர்களும் அவரவர் கைக்காப்பைப் பார்த்துக்கொண்டார்கள். திருவிழாவுக்கும் கூத்துக்கும் நூலகத்துக்கும் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று ஆராய்கிற படிப்பு அவர்களுடையது. பண்பாட்டுக் கொள்கை என்று பெயர். அதைச் சேர்ந்து கற்பிக்கவும் ஆராயவும் ஒரு கூட்டமைப்பு தொடங்கத்தான் மண்ணூர்க் கல்லூரிப் பேராசிரியை ரஞ்சனி அவர்களை வரவழைத்திருந்தாள்.

"அறுத்துட்டுப் போயிட்டா?" ராஜசேகர் மெல்லக் கேட்டார்.

"சார், உள்ளூர் வழக்கத்தை மீற மாட்டோம்னு காலையில முதல் தீர்மானம் கொண்டுவந்ததே நீங்கதானே?" என்றாள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அறிவுமதி. "எல்லாரும் கையெழுத்து வேற போட்டிருக்கோம்."

ராஜசேகர் தலையில் கை வைத்துக்கொண்டு கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரஞ்சனி ஒன்றும் தெரியாதவள்போல நின்றாள். இது மூன்றாவது கூட்டம். முதல் இரண்டு முறையும் இதே ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள். இலையை மடித்ததும் ஒரகடம் டிராஃபிக் என்று ஓடிவிட்டார்கள். பேராசிரியர்களை வரவழைப்பது சுலபம், உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. கல்லூரித் தாளாளரும் பொறுமையிழந்துவிட்டார். நாளைக் காலை கையெழுத்தான பாடத்திட்டத்தோடு ரஞ்சனி சென்னையிலுள்ள அவர் அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்க வேண்டும், யாரிடமும் கொடுத்தனுப்பக் கூடாது, இல்லாவிட்டால் துறைக்கே மூடுவிழா. வகுப்பறையைக் கம்பெனி டிரெயினிங்குக்கு விட்டுவிடுவாராம்.

"எப்படியும் போக முடியாது. சும்மா இருக்கறதுக்கு அந்தப் பாடத்திட்ட வேலையையாவது முடிப்போமே," என்றாள் ரஞ்சனி.

வேறு வழி? கல்லூரிக்குத் திரும்பினார்கள். டெல்லிக்குப் போன் போட்டுப் புலம்பி முடித்த ராஜசேகர், அந்தக் கோபத்தையெல்லாம் பாடத்திட்டத்தில் காட்டினார். ஒரு வருஷமாக நகராத வேலை ஒரே மத்தியானத்தில் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ரஞ்சனி தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

"ஐயனாரண்ணா, ரொம்ப நன்றி! நேத்து நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நடிச்சு மிரட்டிட்டீங்க. போதும், பாவம் அவங்க. வெளியூர்க்காரங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ஐயனார் கரகத்துக்கு வேப்பிலை செருகிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"நடிப்பா? இன்னா டீச்சரம்மா சொல்றீங்க?"

"காப்பு கட்டினா எல்லை தாண்டக் கூடாதுன்னு சும்மா ஒரு பொய் சொல்லுங்கன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்களே!"

"நீங்க உள்ளதத்தான சொன்னீங்க, அதான் தலையாட்டுனேன்." பூசாரி சிரித்தார். "ஏழு பேரு காப்பு கட்டாம கரகம் எடுக்க முடியாது. கம்பெனி பசங்க ஷிஃப்ட்டு போயிடும், ஓ.டி. போயிடும்னு ஒருத்தனும் கைய நீட்டல. இந்த வருசம் திருவிழாவே இல்லன்னு அழுதுகினு கெடந்தேன். ஆத்தாதான் உங்கள அனுப்புச்சா."

"ஏழு பேரா? வந்தது ஆறு பேர்தானே?"

"அவங்களுக்குத் தைரியம் வரட்டும்னு மொதக் கைய நீட்டுனது நீங்கதான டீச்சரம்மா!"